இங்கிலாந்தின் கீழ்நிலை லீக்குகளில் கோல்கீப்பராக வாழ்வது: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பிரீமியர் லீக் ஆட்டங்களைத் தொலைக்காட்சியில் பார்த்துப் பழகியவர்களுக்கு, அதே நாட்டில் அதற்குக் கீழே இன்னும் எத்தனையோ தொழில்முறை கோல்கீப்பர்கள் வாரந்தோறும் களமிறங்குகிறார்கள் என்பது சட்டென்று நினைவுக்கு வருவதில்லை. அவர்களுடைய தொழில் எப்படித் தொடங்குகிறது, எப்படி ஓடுகிறது, எங்கே முடிகிறது என்று கேட்பவர்களுக்காக இந்தப் பக்கம். ஒரு செய்தியை முதலிலேயே சொல்லிவிடலாம். அணியில் பத்து பேருக்கு இடம் மாறலாம், ஆனால் கோல்கீப்பருக்கு இருப்பது ஒரே இடம். கீழே வரும் பெரும்பாலான பதில்கள் இந்த ஒரு கணக்கிலிருந்துதான் பிறக்கின்றன.

கீழ்நிலை லீக்குகள் என்று எவற்றைச் சொல்கிறோம்?

20 கிளப்புகள் கொண்ட பிரீமியர் லீக்குக்கு அடுத்து, இங்கிலீஷ் ஃபுட்பால் லீக் (இ.எஃப்.எல்.) என்ற அமைப்பு சாம்பியன்ஷிப், லீக் ஒன், லீக் டூ என மூன்று பிரிவுகளை நடத்துகிறது. பிரிவுக்கு 24 வீதம் மொத்தம் 72 கிளப்புகள். லீக் டூவின் கடைசியில் முடிப்பவர்கள் ஐந்தாம் அடுக்கான நேஷனல் லீக்குக்கு இறங்குவார்கள். அங்கிருந்து ஆண்டுக்கு இரண்டு கிளப்புகள் மேலே வரும். நேஷனல் லீக்கில் முழுநேர ஆட்டக்காரர்களை வைத்திருக்கும் கிளப்புகளும் உண்டு, பகுதிநேரக் கிளப்புகளும் உண்டு. அதற்கும் கீழே போனால், பகலில் வேறு வேலை பார்த்துவிட்டு மாலையில் பயிற்சிக்கு வருபவர்களே அதிகம். சாம்பியன்ஷிப்பில் புழங்கும் பணம் வேறு ரகம் என்பதால், இங்கே பெரும்பாலும் லீக் ஒன்றிலிருந்து நேஷனல் லீக் வரையிலான உலகத்தைப் பற்றித்தான் பேசுகிறோம்.

ஒருவர் எந்த வயதில், எந்த வழியாக இந்தத் தொழிலுக்குள் வருகிறார்?

வழக்கமான பாதை அகாடமி. சிறு வயதிலேயே ஒரு கிளப்பின் பயிற்சிப் பிரிவில் சேரும் சிறுவனுக்கு 16 வயதில் முதல் பெரிய சோதனை வருகிறது: இரண்டு ஆண்டுப் பயிற்சி ஒப்பந்தம் கிடைக்குமா, கிடைக்காதா? கிடைத்தவருக்கு 18 வயதில் இரண்டாவது சோதனை: முழு ஒப்பந்தமா, வீட்டுக்கா? இந்த இரண்டு கட்டங்களிலும் கழித்துவிடப்படுகிறவர்கள்தான் பெரும்பான்மை.

ஆனால் கோல்கீப்பர் விஷயத்தில் 16 வயதுத் தீர்ப்பை அப்படியே நம்பிவிட முடியாது என்பதற்கு நிறையச் சான்றுகள் இருக்கின்றன. நிக் போப்பை இப்ஸ்விச் டவுன் 16 வயதில் விடுவித்தது. அவர் பரி டவுன் என்ற சின்ன உள்ளூர் கிளப்பில் ஆடிக்கொண்டே படிப்பைத் தொடர்ந்தார். வீடுகளுக்குப் பால் போடும் வேலையும் செய்தார். 2011-ல் சார்ல்டன் அத்லெட்டிக் அவரை எடுத்தது. அதன் பிறகும் நேராகக் களத்துக்கு வரவில்லை. ஹாரோ பரோ, வெல்லிங் யுனைடெட், கேம்பிரிட்ஜ் யுனைடெட், ஆல்டர்ஷாட், யார்க் சிட்டி, பரி (இது பரி டவுன் அல்ல, வேறு கிளப்) என்று ஊர் ஊராக லோனில், அதாவது தற்காலிகமாக ஆடிவர, அனுப்பப்பட்டார். 2018-ல் அவர் இங்கிலாந்தின் உலகக்கோப்பைக் குழுவில் இருந்தார். ஆரன் ராம்ஸ்டேலை போல்டன் வாண்டரர்ஸ் 15 வயதில் வேண்டாம் என்றது. அவரும் பின்னாளில் இங்கிலாந்துக்கு ஆடினார்.

அதற்கு முந்தைய தலைமுறையில் அகாடமியே தேவைப்படவில்லை. நெவில் சவுதால் கட்டடங்களில் செங்கல் சுமந்தவர், குப்பை அள்ளும் வேலை பார்த்தவர். வின்ஸ்ஃபோர்ட் யுனைடெட் என்ற லீக்குக்கு வெளியேயுள்ள கிளப்பிலிருந்து 1980-ல் 6,000 பவுண்டுக்கு பரி கிளப் அவரை வாங்கியது. அடுத்த ஆண்டே எவர்டன் 1,50,000 பவுண்டு கொடுத்து அழைத்துக்கொண்டது. டேவ் பீசன்ட் எட்ஜ்வேர் டவுனிலிருந்து 1979-ல் விம்பிள்டனுக்கு வந்து, அந்தக் கிளப்போடு நான்காம் பிரிவிலிருந்து, அப்போது மேலடுக்காக இருந்த முதல் பிரிவு வரை ஏறினார். 1988 எஃப்.ஏ. கோப்பை இறுதியாட்டத்தில் லிவர்பூலின் ஜான் ஆல்ட்ரிட்ஜ் அடித்த பெனால்டியைத் தடுத்து, அணித்தலைவராகக் கோப்பையையும் உயர்த்தினார். வெம்ப்ளியில் நடந்த எஃப்.ஏ. கோப்பை இறுதியாட்டங்களில் தடுக்கப்பட்ட முதல் பெனால்டி அது.

இன்றைக்கு இப்படிப்பட்ட பாதை அடைபட்டுவிடவில்லை, குறுகிவிட்டது. வளர்ச்சி நின்று உடல் நிலைபெறும் வரை ஒரு கோல்கீப்பரின் உயரத்தையும் கை நீளத்தையும் யாராலும் சரியாகக் கணிக்க முடியாது என்கிறபோது, 16 வயதில் வடிகட்டும் முறை இந்த ஓர் இடத்துக்கு மட்டுமாவது தளர்த்தப்பட வேண்டும் என்பது என் கருத்து.

பெரிய கிளப்புகள் தங்கள் இளம் கோல்கீப்பர்களை ஏன் கீழே அனுப்புகின்றன?

இளையோர் ஆட்டங்களில் கற்றுக்கொள்ள முடியாத சில விஷயங்கள் இருப்பதால்தான். லீக் டூவில் ஒரு கார்னர் வரும்போது, 30 வயதைத் தாண்டிய, எடை மிகுந்த ஒரு முன்கள ஆட்டக்காரர் கோல்கீப்பரின் காலை மிதிக்காத குறையாக ஒட்டி நின்றுகொண்டு, முழங்கையால் விலாவை அழுத்திக்கொண்டிருப்பார். நடுவர் எல்லாவற்றுக்கும் விசில் ஊத மாட்டார். அந்த நெரிசலைக் கிழித்துக்கொண்டு வெளியே வந்து பந்தைக் கையில் வாங்குவதா, முஷ்டியால் குத்தி அனுப்புவதா, கோட்டிலேயே நிற்பதா என்ற முடிவைக் கண்ணிமைக்கும் நேரத்தில் எடுத்தாக வேண்டும். தோற்றால் பின்னால் நிற்கும் தடுப்பாட்டக்காரரின் வெற்றிப் பணம் போகும். அதை அவர் முகத்துக்கு நேரே சொல்லவும் செய்வார். இந்தப் பாடம் அகாடமி மைதானத்தில் கிடைக்காது.

அதனால்தான் ஜோர்டன் பிக்ஃபோர்ட், சண்டர்லாந்தின் ஆளாக இருந்தபோது டார்லிங்டன், ஆல்ஃப்ரிட்டன், பர்ட்டன், கார்லைல், பிராட்ஃபோர்ட், பிரஸ்டன் என்று ஏறக்குறைய ஒவ்வோர் அடுக்காக ஏறி வந்தார். டீன் ஹெண்டர்சன் ஸ்டாக்போர்ட், கிரிம்ஸ்பி, ஷ்ரூஸ்பரி வழியாக வந்து, 2025 எஃப்.ஏ. கோப்பை இறுதியாட்டத்தில் கிரிஸ்டல் பேலஸுக்காக மான்செஸ்டர் சிட்டியின் பெனால்டியைத் தடுத்தார். பின்னாளில் ஆர்சனலுக்குப் போன டேவிட் ராயா, பிளாக்பர்னில் இருந்தபோது 2014-ல் ஐந்தாம் அடுக்கில் இருந்த சவுத்போர்ட்டுக்கு அனுப்பப்பட்டவர். 2022 உலகக்கோப்பையை வென்ற அர்ஜென்டினாவின் எமிலியானோ மார்ட்டினெஸ், ஆங்கில லீக்கில் ஆடிய முதல் ஆட்டமே 2012-ல் லீக் டூவில் ஆக்ஸ்ஃபோர்ட் யுனைடெட்டுக்காகத்தான்.

இந்த வரலாறு கேட்க இனிமையாக இருக்கும். ஆனால் இதற்கு ஒரு மறுபக்கம் உண்டு. அதைப் பற்றி யாரும் அதிகம் எழுதுவதில்லை. லோனில் வரும் ஒவ்வொரு 20 வயது இளைஞரும், அந்தக் கிளப்பின் சொந்தக் கோல்கீப்பர் ஒருவரின் இடத்தில்தான் நிற்கிறார். பெரிய கிளப் சம்பளத்தின் ஒரு பகுதியைத் தானே ஏற்றுக்கொள்கிறது என்றால், சின்னக் கிளப்பின் நிர்வாகத்துக்கு அது மறுக்க முடியாத பேரம். அதே இடத்துக்காக ஐந்து ஆண்டு காத்திருந்த 26 வயதுக்காரருக்கு அது எப்படி இருக்கும் என்பதைச் சொல்லத் தேவையில்லை.

ஒரு கிளப்பில் எத்தனை கோல்கீப்பர்கள் இருப்பார்கள்? இரண்டாமவர் என்ன செய்துகொண்டிருப்பார்?

லீக் டூ கிளப்பில் பெரும்பாலும் இரண்டு பேர், அவர்களுக்குப் பின்னால் இளையோர் அணியிலிருந்து ஒரு பையன். இரண்டாமவர் தினமும் முதல்வரோடு சேர்ந்தே பயிற்சி செய்கிறார், அதே பந்துகளுக்கு அதே அளவு விழுந்து எழுகிறார், சனிக்கிழமை மட்டும் பெஞ்சில் உட்காருகிறார். எஃப்.ஏ. கோப்பையின் தொடக்கச் சுற்றுகளிலும், லீக் ஒன், லீக் டூ கிளப்புகள் ஆடும் இ.எஃப்.எல். டிராஃபியிலும் அவருக்குச் சில ஆட்டங்கள் கிடைக்கக்கூடும். மற்றபடி, முதல்வர் காயப்பட வேண்டும், அல்லது சிவப்பு அட்டை வாங்க வேண்டும், அல்லது ஃபார்ம் இழக்க வேண்டும். தன்னோடு தினமும் பயிற்சி செய்யும் நண்பருக்குக் கெட்டது நடந்தால்தான் தனக்கு நல்லது நடக்கும் என்ற இந்த நிலை வேறு எந்த இடத்திலும் இவ்வளவு அப்பட்டமாக இருப்பதில்லை.

பிராட்ஃபோர்ட் சிட்டியின் 2012-13 பருவத்தைப் பார்த்தால் இது புரியும். லீக் டூவில் இருந்த அந்தக் கிளப், அந்த ஆண்டு லீக் கோப்பையில் விகன், ஆர்சனல், ஆஸ்டன் வில்லா ஆகிய மூன்று பிரீமியர் லீக் கிளப்புகளை வெளியேற்றி இறுதியாட்டம் வரை போனது. ஆர்சனலுக்கு எதிரான காலிறுதி பெனால்டி வரை நீண்டபோது கோல் கம்பங்களுக்கு நடுவே நின்றவர் மாட் டியூக். ஹல் சிட்டியில் இருந்தபோது விரைப் புற்றுநோய்க்குச் சிகிச்சை பெற்று மீண்டு வந்தவர். 2013 பிப்ரவரி 24 அன்று வெம்ப்ளியில் ஸ்வான்சிக்கு எதிரான இறுதியாட்டம். இரண்டாம் பாதியில், தன்னைத் தாண்ட முயன்ற ஸ்வான்சி ஆட்டக்காரரை வீழ்த்தியதற்காக டியூக்குக்குச் சிவப்பு அட்டை. பெஞ்சிலிருந்து எழுந்து வந்த ஜான் மெக்லாஃப்லின் சந்தித்த முதல் பந்தே பெனால்டி. அது கோலானது, ஆட்டமும் 5-0 என்று முடிந்தது.

கதை அங்கே நிற்கவில்லை. மே மாதம் பிராட்ஃபோர்ட் மறுபடியும் வெம்ப்ளிக்கு வந்தது, இந்த முறை லீக் ஒன்றுக்கு ஏறுவதற்கான பிளே-ஆஃப் இறுதியாட்டத்துக்கு. கோல்கீப்பராக நின்றவர் மெக்லாஃப்லின். நார்த்தாம்ப்டன் டவுனை 3-0 என்று வென்றார்கள். மெக்லாஃப்லின் பின்னர் ஹார்ட்ஸ், சண்டர்லாந்து, ரேஞ்சர்ஸ் என்று போய் ஸ்காட்லாந்துக்கும் ஆடினார். டியூக் அந்தக் கோடையில் கிளப்பை விட்டுச் சேர்ந்த இடம், அதே நார்த்தாம்ப்டன் டவுன்.

எல்லாக் கோல்கீப்பர்களும் ஒரே நேரத்தில் இல்லாமல் போனால் கிளப் என்ன செய்யும்?

ஆட்டக்காரர்களை வாங்குவதற்கும் லோனில் எடுப்பதற்கும் ஆண்டில் குறிப்பிட்ட காலங்கள் மட்டுமே உண்டு. கோல்கீப்பருக்கு மட்டும் ஒரு விலக்கு இருக்கிறது. கிளப்பின் அனுபவமுள்ள கோல்கீப்பர்கள் எவரும் ஆடும் நிலையில் இல்லை என்று லீக்கிடம் நிறுவினால், ஏழு நாட்களுக்கு ஒருவரை அவசர லோனில் எடுத்துக்கொள்ளலாம். வெள்ளிக்கிழமை தொலைபேசி வரும். சனிக்கிழமை, பெயர்கூடத் தெரியாத நான்கு தடுப்பாட்டக்காரர்களுக்குப் பின்னால் நின்று கத்த வேண்டியிருக்கும்.

இந்த வகையில் எல்லோரும் எடுத்துச் சொல்லும் கதை ஜிம்மி கிளாஸுடையது. 1999 வசந்தத்தில் கார்லைல் யுனைடெட் தன் முதல் கோல்கீப்பர் டோனி கெய்கை பிளாக்பூலுக்கு விற்றுவிட்டது. அவருக்குப் பதிலாக டெர்பியிலிருந்து லோனில் வந்த ரிச்சர்ட் நைட்டை அவருடைய கிளப் திரும்ப அழைத்துக்கொண்டது. காலக்கெடு முடிந்திருந்தும் லீக்கின் சிறப்பு அனுமதியோடு, ஸ்விண்டன் டவுனில் வாய்ப்பில்லாமல் இருந்த கிளாஸ் மூன்று ஆட்டங்களுக்காக வந்தார். மூன்றாவது ஆட்டம் மே 8, பருவத்தின் கடைசி நாள், புரன்டன் பார்க்கில் பிளிமத் ஆர்கைலுக்கு எதிராக. அப்போது லீக்கிலிருந்து ஒரே ஒரு கிளப்தான் இறங்கும். கார்லைல் 92 கிளப்புகளில் கடைசி. போட்டிக் கிளப்பான ஸ்கார்பரோவின் ஆட்டம் 1-1 என்று முடிந்துவிட்டது. அங்கே ரசிகர்கள் தப்பித்துவிட்டதாக எண்ணிக் கொண்டாடிக்கொண்டிருந்தார்கள். கார்லைலிலும் 1-1. கூடுதல் நேரத்தின் கடைசி விநாடிகளில் ஒரு கார்னர். கிளாஸ் தன் கோலை விட்டுவிட்டு எதிர்முனைக்கு ஓடினார். ஸ்காட் டோபி தலையால் அடித்ததை பிளிமத் கோல்கீப்பர் தடுக்க, சிதறிய பந்து கிளாஸின் காலடிக்கு வந்தது. வலது காலால் அடித்தார். கார்லைல் தப்பியது, ஸ்கார்பரோ இறங்கியது. 1987-ல் லீக்குக்குத் தானாகவே ஏறும் உரிமையைப் பெற்ற முதல் கிளப் அந்த ஸ்கார்பரோதான் என்பதும், 2007-ல் அது கடனில் மூழ்கிக் கலைக்கப்பட்டது என்பதும் கதையின் கசப்பான பகுதி.

கிளாஸுக்கு என்ன கிடைத்தது? கார்லைல் மக்களின் தீராத அன்பு. ஒப்பந்தம் கிடைக்கவில்லை. இரண்டொரு கிளப்புகள் மாறிவிட்டு, 30 வயதை எட்டுமுன்பே தொழில்முறை ஆட்டத்தை விட்டார். பிறகு டார்செட்டில் டாக்ஸி ஓட்டினார். அந்த ஒரு கோலை வைத்துப் பார்த்தால் இது அநியாயமாகத் தோன்றும். கோல்கீப்பரை எந்தக் கிளப்பும் அவர் அடிக்கும் கோலுக்காக எடுப்பதில்லையே.

கோல்கீப்பர்கள் வேறு யாராவது கோல் அடித்திருக்கிறார்களா?

அடித்திருக்கிறார்கள். 2021 ஜனவரி 19 அன்று லீக் டூ ஆட்டத்தில், நியூபோர்ட் கவுண்டியின் டாம் கிங் அடித்த கோல் கிக், காற்றில் மிதந்து, செல்டனம் டவுனின் பெனால்டி பகுதிக்கு அருகே தரையில் பட்டு எகிறி, கோல்கீப்பரின் தலைக்கு மேலே போய் வலைக்குள் விழுந்தது. தூரம் 96.01 மீட்டர், உலகின் மிக நீண்ட தூரக் கோலாகக் கின்னஸ் பதிவு செய்தது. எதிரே நின்றவர் வெஸ்ட் பிராம்விச்சிலிருந்து லோனில் வந்திருந்த ஜாஷ் கிரிஃபித்ஸ். மானம் போனதாக நினைக்க வேண்டியதில்லை. அந்தப் பருவத்தில் லீக் டூ பட்டத்தை வென்றது அவருடைய செல்டனம்தான்.

சம்பளம் எவ்வளவு? வாழ்க்கை ஓடுமா?

ஓடும். ஆனால் ஓய்வுக்குப் பிறகு உட்கார்ந்து சாப்பிடும் அளவுக்கு மிஞ்சாது. 1961 வரை இங்கிலாந்தில் ஆட்டக்காரர்களுக்கு உச்சவரம்புச் சம்பளம் இருந்தது. கடைசியாக அது வாரம் 20 பவுண்டு. அது நீங்கிய பிறகு மேல்மட்டச் சம்பளங்கள் பறந்தன, கீழ்மட்டம் மெதுவாக நடந்தது. ஒரு தோராயத்துக்கு 2020-ன் கணக்கு உதவும். அந்த ஆண்டு ஆகஸ்டில், ஒரு கிளப் ஆட்டக்காரர்களுக்காகச் செலவிடக்கூடிய மொத்தத் தொகைக்கு லீக் டூவில் 15 லட்சம் பவுண்டு, லீக் ஒன்றில் 25 லட்சம் பவுண்டு என்று வரம்பு கொண்டுவந்தார்கள். 15 லட்சத்தை 20 பேருக்குப் பங்கிட்டால் தலைக்கு ஆண்டுக்கு 75,000 பவுண்டு, அதாவது வாரத்துக்கு 1,400 சொச்சம். அதிலும் போனஸ், ஏஜென்ட் கட்டணம் எல்லாம் அடக்கம். ஆட்டக்காரர்களின் சங்கமான பி.எஃப்.ஏ. எதிர்த்து நடுவர் மன்றம் சென்று வென்றதால், 2021 பிப்ரவரியில் அந்த வரம்பு நீக்கப்பட்டது.

தொகையைவிடக் காலம்தான் பெரிய கவலை. கீழ்மட்டத்தில் ஓராண்டு, இரண்டாண்டு ஒப்பந்தங்களே வழக்கம். அவை ஜூன் 30-ல் முடிகின்றன. பருவம் முடிந்ததும் மே மாதத்தில் ஒவ்வொரு கிளப்பும் யாரை வைத்துக்கொள்கிறது, யாரை விடுவிக்கிறது என்ற பட்டியலை வெளியிடும். பிள்ளைகளின் பள்ளி, வாடகை வீடு, மனைவியின் வேலை எல்லாம் அந்தப் பட்டியலைப் பொறுத்தவை. முன்கள ஆட்டக்காரரை 24 கிளப்புகளில் தலா நாலைந்து இடங்களுக்குப் பரிசீலிப்பார்கள். கோல்கீப்பருக்குக் கிளப்புக்கு ஒரே இடம், அதுவும் நிரம்பியிருக்கும்.

ஒப்பந்தம் இருந்தால் பணம் நிச்சயம் என்றும் சொல்ல முடியாது. 1885-ல் தொடங்கிய பரி கிளப், சம்பள பாக்கியும் கடனுமாகத் தத்தளித்து, 2019 ஆகஸ்ட் 27 அன்று லீக்கிலிருந்தே நீக்கப்பட்டது. சவுதாலும் போப்பும் ஆடிய அதே பரிதான்.

ஒரு வாரம் எப்படிப் போகும்?

சனிக்கிழமை பகல் 3 மணிக்கு ஆட்டம், பல வாரங்களில் செவ்வாய் இரவும் ஆட்டம். லீக்கில் மட்டும் 46 ஆட்டங்கள். கோப்பை ஆட்டங்கள் தனி. கோல்கீப்பர்கள் மற்றவர்களுக்கு முன்பே களத்துக்குப் போய், தங்கள் பயிற்சியாளரோடு கைப்பிடிப்பு, கிராஸ், அருகிலிருந்து வரும் அடி, காலால் பந்து வழங்குதல் என்று தனியாகப் பயிற்சி செய்துவிட்டு, பிறகு அணியோடு சேர்கிறார்கள். மற்றவர்களின் ஷூட்டிங் பயிற்சி முடியும் வரை அவர்கள் நிற்க வேண்டும் என்பதால், பெரும்பாலும் கடைசியாக வெளியேறுபவர்களும் அவர்களே. தொலைக்காட்சியில் தெரியாத உழைப்பு இது.

பயணம் பேருந்தில். கார்லைலிலிருந்து பிளிமத் 600 கிலோமீட்டருக்கு மேல்; செவ்வாய் இரவு ஆட்டம் என்றால் வீடு திரும்பும்போது விடிந்துவிடும். மைதானங்களும் ஒன்றைப்போல ஒன்று இருக்காது. கிரிம்ஸ்பி டவுனின் பிளண்டெல் பார்க் ஹம்பர் கழிமுகத்தை ஒட்டி இருக்கிறது. அங்கே உயரத்தில் வரும் பந்தைக் கணிப்பது என்பது காற்றையும் சேர்த்துக் கணிப்பது. ஜனவரியில் சேறாகிவிட்ட கோல்முகத்தில், பந்து எதிர்பார்த்த உயரத்துக்கு எழும்பாமல் வழுக்கிக்கொண்டு வரும்.

விதி மாற்றங்கள் இவர்களை எப்படிப் பாதித்தன?

1992-ல் வந்த மாற்றம்தான் எல்லாவற்றிலும் பெரியது. தன் அணியினர் காலால் திருப்பித் தரும் பந்தைக் கோல்கீப்பர் கையால் எடுக்கக் கூடாது என்றானது. 2019-ல் கோல் கிக் பெனால்டி பகுதியைத் தாண்டித்தான் போக வேண்டும் என்ற கட்டாயம் நீங்கியது. பக்கத்தில் நிற்கும் தடுப்பாட்டக்காரருக்கே தட்டிவிடலாம். அதன் பிறகு பெரிய கிளப்புகளைப் பார்த்து லீக் டூ கிளப்புகளும் பின்னாலிருந்து பந்தைக் கட்டியெழுப்பத் தொடங்கின. நல்ல கைகளும் சுமாரான கால்களும் கொண்ட நடுவயது கோல்கீப்பர்கள் பலருக்கு இது வயிற்றில் அடித்த மாற்றம். 2025-26 பருவத்திலிருந்து கோல்கீப்பர் எட்டு விநாடிகளுக்கு மேல் பந்தைக் கையில் வைத்திருந்தால் எதிரணிக்குக் கார்னர். வெளியூரில் ஒரு கோல் முன்னிலையில் இருக்கும்போது பந்தை அணைத்துக்கொண்டு கீழே படுத்து மூச்சு வாங்கும் பழைய கலை இத்தோடு முடிந்தது. எனக்கு அதில் வருத்தமில்லை.

எந்த வயது வரை ஆட முடியும்?

மற்ற ஆட்டக்காரர்கள் 33, 34-ல் ஓயும்போது கோல்கீப்பர்கள் 40-ஐ ஒட்டியும் நிற்கிறார்கள். பீட்டர் ஷில்டன் தன்னுடைய 1,000-ஆவது லீக் ஆட்டத்தை 1996 டிசம்பர் 22 அன்று, 47 வயதில், நான்காம் அடுக்கில் இருந்த லேட்டன் ஓரியன்ட்டுக்காக பிரைட்டனுக்கு எதிராக ஆடினார். மொத்தம் 1,005-ல் நிறுத்தினார். 1969-ல் வொர்கிங்டனில் தொடங்கிய ஜான் பரிட்ஜ், எண்ணற்ற கிளப்புகள் மாறி, 1995-ல் 43 வயதில் மான்செஸ்டர் சிட்டிக்காக பிரீமியர் லீக்கில் நின்றார். மேலே சொன்ன டேவ் பீசன்ட், ஸ்டீவனேஜின் கோல்கீப்பர் பயிற்சியாளராக இருந்த 2015-ல், 56 வயதில், பிளே-ஆஃப் ஆட்டத்துக்குப் பெஞ்சில் உட்கார்ந்தார்.

இந்த லீக்குகளில் தமிழர் யாராவது ஆடுகிறார்களா?

கோல்கீப்பராக அல்ல. வடக்கு வேல்ஸில் வளர்ந்த, ஈழத்தமிழ்ப் பெற்றோரின் மகன் விமல் யோகநாதன், நடுக்கள ஆட்டக்காரராக 2024-ல் லீக் ஒன் கிளப்பான பார்ன்ஸ்லியின் முதல் அணியில் களமிறங்கினார்.

ஆட்டத்தை நிறுத்திய பிறகு என்ன செய்கிறார்கள்?

நேரடியான வழி கோல்கீப்பர் பயிற்சியாளர் வேலை. ஆனால் அதுவும் கிளப்புக்கு ஓர் இடம்தான். பி.எஃப்.ஏ. சங்கம் ஆட்டக்காலத்திலேயே படிப்புக்கு உதவுகிறது. சால்ஃபோர்ட் பல்கலைக்கழகத்தில் பிசியோதெரபி படித்த முன்னாள் ஆட்டக்காரர்கள் பலர். மற்றவர்கள் வண்டி ஓட்டுகிறார்கள், வீடு விற்கிறார்கள், பள்ளியில் வேலை பார்க்கிறார்கள். சவுதால் சிறப்புக் கவனிப்புத் தேவைப்படும் மாணவர்களோடு பணியாற்றினார்.

அணி மேலாளராகும் கோல்கீப்பர்கள் அரிது. அப்படி ஆனவர்களில் நைஜல் அட்கின்ஸின் பாதை விநோதமானது. டிரான்மியரிலும் விகனிலும் கீழ்நிலைப் பிரிவுகளில் கோல்கீப்பராக நின்றவர். பிறகு சால்ஃபோர்ட்டில் பிசியோதெரபி படித்து, ஸ்கந்தார்ப் யுனைடெட்டில் பத்தாண்டு காலம் காயம்பட்டவர்களின் கால்களைப் பிடித்துக்கொண்டிருந்தார். 2006-ல் மேலாளர் பிரையன் லாஸ் வேறு கிளப்புக்குப் போனதும், நிர்வாகம் ஆள் தேடும்வரை அணியைக் கவனித்துக்கொள்ளச் சொன்னது. அந்தப் பருவத்திலேயே ஸ்கந்தார்ப் லீக் ஒன் பட்டத்தை வென்றது. 2010-ல் சவுதாம்ப்டன் அவரை அழைத்தது. அடுத்தடுத்த இரண்டு ஆண்டுகளில் லீக் ஒன்றிலிருந்து பிரீமியர் லீக்குக்கு அந்தக் கிளப்பை ஏற்றினார். 2013 ஜனவரியில், பிரீமியர் லீக் பருவத்தின் பாதியிலேயே, கிளப் அவரை வேலையிலிருந்து நீக்கியது.